கேள்வி கேட்காதே என்று எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள்

வெளிநாட்டுப் பணிக்குச் செவிலியர்களைத் தயார்செய்து அனுப்பும் கல்லூரி முதல்வர்களுக்கும் பயிற்சி மையப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற வாரம் என் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, உடை மாற்றும் அறையில் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் நீங்கள் கொடுத்தனுப்பிய அறிவுரைத் தாள். நான்காக மடித்து, கடவுச்சீட்டின் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே தாளை நானும் அப்படித்தான் மடித்து வைத்திருந்தேன். அதில் எதுவும் மாறவில்லை. மூத்தவர்கள் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும், மருத்துவரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது, கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். இம்முறை கடைசியில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறீர்கள். பணியிடத்தில் ஏற்படும் சங்கடங்களை வெளியில் பேசி, அனுப்பிய நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கக் கூடாதாம்.

அன்று அந்தத் தங்கையின் கையில் இன்னொரு தாளும் இருந்தது. அவருடைய தகுதிகாண் பருவத்தை மேலும் மூன்று மாதத்துக்கு நீட்டிக்கும் கடிதம். காரணம் ஒரே வரியில் இருந்தது: நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டும் உரிய நேரத்தில் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டு தாள்களையும் பெஞ்சின் மேல் அருகருகே வைத்தார். "அக்கா, இதில் சொன்னபடிதானே நான் நடந்தேன்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் எந்த நாட்டில், எந்த மருத்துவமனையில் இருக்கிறேன் என்று இங்கே குறிப்பிடவில்லை. அந்தத் தங்கையை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பது ஒரு காரணம். எந்த நாடானாலும் கதை மாறாது என்பது இன்னொரு காரணம். என்னோடு படித்தவர்கள் ஐந்தாறு நாடுகளில் வேலை செய்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது மொழி வேறு, சம்பளம் வேறு, சட்டம் வேறு. முதல் ஆண்டில் பட்ட பாடு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

என் முதல் ஆண்டைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம். இரவுப் பணி. இடுப்பு எலும்பு முறிந்து, மாலையில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதியவர் ஆறாம் படுக்கையில் இருந்தார். மருந்தைச் சிறிது சிறிதாக உடலில் ஏற்றும் பம்பின் வழியாக, மார்பின் (morphine) என்ற வலி மருந்து போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு மூச்சை எண்ணினேன்: நிமிடத்துக்கு 14. பன்னிரண்டரைக்கு 11. ஒன்றரை மணிக்கு, மங்கிய படுக்கை விளக்கின் வெளிச்சத்தில், கடிகாரத்தின் விநாடி முள்ளையும் அவர் மார்பையும் மாறி மாறிப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். எட்டு. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். எட்டேதான். தோளைத் தட்டினால் கண் திறந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லி முடிக்கும் முன்பே மறுபடி கண் செருகியது.

மார்பின் மூச்சை அடக்கும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். மருந்தியல் தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அதை முறிக்கும் மருந்து நலாக்சோன் என்பதும், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். இப்படிப்பட்ட நிலையில் பம்பை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு உண்டு என்று அந்த வார்டின் விதிமுறையில் எழுதியிருந்தது. அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனால் மருத்துவரின் உத்தரவு இல்லாமல் பம்பின் மேல் கை வைக்க என் கை வரவில்லை. ஆக்சிஜனை வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்தேன்.

"தொந்தரவுக்கு மன்னியுங்கள் டாக்டர். ஆறாம் படுக்கை நோயாளி கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருக்கிறார். உங்களுக்கு நேரம் கிடைத்தால் வந்து பார்க்க முடியுமா?"

அவர் வேறொரு வார்டில் வேலையாக இருந்தார். கவனித்துக்கொள்ளுங்கள், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அந்த முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வார்டின் மூத்த செவிலியர் ஏதோ ஒரு பொருளைக் கேட்டு அந்த வழியாக வந்தார். அவர் ஒரே ஒரு முறைதான் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். பம்பை நிறுத்தினார், அவசர மணியை அழுத்தினார், தொலைபேசியில் இரண்டே வாக்கியம் பேசினார். மருத்துவர் ஓடி வந்தார். நலாக்சோன் ஏறியதும் முதியவர் பிழைத்துக்கொண்டார். காலையில் என் பெயரைக் கேட்டு, இரவெல்லாம் பக்கத்தில் இருந்ததற்கு நன்றி சொன்னார். அந்த நன்றி இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அடுத்த வாரம் விசாரணைக்கு அழைத்தார்கள். மெமோ கிடைக்கும், விளக்கக் கடிதம் எழுத வேண்டும், வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டே போனேன். விசாரித்தவர் என்னைத் திட்டவில்லை. ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எந்தச் சொற்களில் சொன்னீர்கள் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பி வைத்தார். இதில் எட்டு என்ற எண் எங்கே இருக்கிறது, உங்கள் பயம் எங்கே இருக்கிறது, அவர் இப்போதே வர வேண்டும் என்பது எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

தாளைப் பார்த்தேன். மூன்றும் இல்லை. மன்னிப்பும், "கொஞ்சம்" என்ற சொல்லும், "நேரம் கிடைத்தால்" என்ற பணிவும்தான் இருந்தன. நான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தது அந்த மருத்துவரின் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தச் சொற்களை நான் எங்கே கற்றேன் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் ரவுண்ட்ஸ் போகும்போது நாங்கள் கேஸ் ஷீட்டை ஏந்திக்கொண்டு கடைசி வரிசையில் நிற்போம். ஒரு நாள் ஒரு மாணவி, சிறுநீரகம் பழுதுபட்ட ஒரு நோயாளிக்கு எழுதியிருந்த மருந்தின் அளவு குறித்துப் பெரிய டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். மாலையில் முதல்வர் அறைக்கு அழைத்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அவள் கேட்டது சரியான கேள்வி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் மருந்தின் அளவு மாற்றப்பட்டதும் தெரியும். அந்த ஒரு நாளில் வகுப்பு முழுவதும் ஒரு பாடத்தைப் படித்து முடித்தது. அதற்குப் பிறகு பாடப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பாடம் அழியவில்லை.

இது நம்மவர்களுக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணி ரொம்ப நாள் கூனிக் குறுகிக் கிடந்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னைச் சேர்த்த பயிற்சி வகுப்பில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். 1966 இல் அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்கும் அவர் குழுவினரும் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு இரவில் வார்டுக்குத் தொலைபேசியில் பேசி, ஆஸ்ட்ரோடென் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். பெட்டியின் மேல் அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கிறது. தொலைபேசி உத்தரவை ஏற்கக் கூடாது என்பது மருத்துவமனை விதி. இருந்தும் 22 செவிலியர்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். வழியில் ஆய்வுக் குழுவினர் நிறுத்தினார்கள். மருந்து என்பது உண்மையில் வெறும் சர்க்கரை மாத்திரை.

1977 இல் வேறு இருவர் இதே போன்ற சோதனையைச் செய்தார்கள். இம்முறை செவிலியர்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. சக செவிலியரிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இரண்டே பேர்தான் தவறான அளவைக் கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைப் பற்றிய தெளிவும் கேட்பதற்கு ஒரு துணையும் இருந்தால் செவிலியர் தவறான உத்தரவை மறுப்பார். பணிந்து போகும் பழக்கம் எந்த இனத்துக்கும் பிறவிக் குணமாக வருவதில்லை. பழக்கப்படுத்துவதால் வருகிறது. பழக்கப்படுத்துகிறவர்கள் நீங்கள் என்பதால், மாற்றவும் உங்களால் முடியும்.

விமானத் துறை இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட்ட விமானத்தில் விமானிகளோடு இருந்த பொறியாளர், எதிரே இருக்கும் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகம் கேட்டார். மிகுந்த அனுபவமுள்ள தலைமை விமானி விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் மூத்தவரிடம் தயங்காமல் எச்சரிக்கை சொல்வதைத் தனிப் பயிற்சியாகவே விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். வானத்தில் பறக்கிறவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்ட ஒன்று எங்களுக்குத் தானாக வந்துவிடும் என்று எப்படி எதிர்பார்த்தீர்கள்?

என் வார்டில் ஒவ்வொரு தொலைபேசிக்குப் பக்கத்திலும் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. எஸ்பார் என்று அதற்குப் பெயர். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை இது. 2000 களின் தொடக்கத்தில் கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு இதைச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் இடையிலான பேச்சுக்குப் பொருத்தி எடுத்துக்கொண்டது. இப்போது பல நாடுகளில் இதுதான் நடைமுறை. உங்கள் பாடத்திட்டத்திலும் இதைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நான்கு படிகளை விளக்குக என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். நானும் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த இரவில் நான் சொல்லியிருக்க வேண்டியதை, என்னை விசாரித்தவர் விசாரணை அறையிலேயே என்னைச் சொல்ல வைத்தார். முதல் முறை குரல் எழவில்லை. நாலாவது முறைதான் சரியாக வந்தது:

"ஆறாம் படுக்கை நோயாளியைப் பற்றிப் பேசுகிறேன். மூச்சு நிமிடத்துக்கு எட்டாகக் குறைந்துவிட்டது. தட்டினால் மட்டுமே கண் திறக்கிறார். இன்று மாலை இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தவர், மார்பின் பம்பில் இருக்கிறார். இரண்டரை மணி நேரத்தில் மூச்சு பதினான்கிலிருந்து எட்டுக்கு வந்திருக்கிறது. மார்பின் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். பம்பை நிறுத்திவிட்டேன், ஆக்சிஜன் வைத்திருக்கிறேன். நீங்கள் உடனே வர வேண்டும். நலாக்சோனை எடுத்து வைக்கிறேன்."

அரை நிமிடம்கூட ஆகாது. இதில் மரியாதைக் குறைவான சொல் ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள். மருத்துவரை எதிர்த்துப் பேசியதாக ஆகுமா? இதைத்தான் அந்தத் தாள் தடுக்கிறது.

மருத்துவர் அப்போதும் வர மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. டீம்ஸ்டெப்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சித் திட்டத்தில் மூன்று வாக்கியங்களைப் படிப்படியாகச் சொல்லப் பழக்குகிறார்கள். எனக்குக் கவலையாக இருக்கிறது. இதற்கு என் மனம் ஒப்பவில்லை. இது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும் எல்லாரும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த மூன்றையும் நான் கண்ணாடி முன் நின்று பல இரவுகள் சொல்லிப் பழகியிருக்கிறேன். இருபத்தெட்டு வயதில், ஆறு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு.

பெயர் சொல்லி அழைப்பதும் அப்படித்தான். இங்கே மருத்துவர்கள் தங்களைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்கிறார்கள். எனக்கு நா எழவில்லை. டாக்டர் என்றாலும் அவர்கள் சங்கடப்படுகிறார்கள். அதனால் நேரில் யாரையும் கூப்பிடாமலே முதல் நான்கு மாதங்களை ஓட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மேசைக்குப் பக்கத்தில் போய், அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன். சில நேரம் ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம். நான் அங்கே நிற்பது ஒருவருக்கும் தெரியாது. மூச்சுத் திணறும் நோயாளிக்கு இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"சரி" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் சரி என்றால் காதில் விழுந்தது என்று பொருள். கேட்பவர்கள் புரிந்தது, செய்துவிடுவார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்பது இங்கே பொறுப்புள்ளவரின் அடையாளம். நாங்களோ கேட்டால் திறமை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று சரி சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய் அலைபேசியில் தேடிப் பார்க்கிறோம். இதை எனக்குத் தெரிந்து பத்துப் பேருக்கு மேல் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு பல வேறுபாடுகளுக்கு எப்படியோ பழகிவிட்டோம். நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் உடனிருக்கும் உறவினர் வேலை என்றுதான் பார்த்து வளர்ந்தோம். இங்கே அவை செவிலியர் வேலை. முதல் வாரம் முதுகு ஒடிந்தது, பிறகு அதுவே எனக்கு மிகவும் பிடித்த வேலையாகிவிட்டது. ஒரு மனிதரின் உடம்பைத் தொட்டுத் துடைக்கும்போது தெரிவது எந்தக் கருவியிலும் தெரியாது. நோயாளி வேண்டாம் என்றால் மாத்திரையாக இருந்தாலும் வற்புறுத்தக் கூடாது என்பதையும், நோயின் உண்மை நிலையை மகனுக்குச் சொல்வதற்கு முன் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் பட்டுத்தான் கற்றோம். இவற்றை வந்த இடத்தில் கற்றுக்கொள்ளலாம். வாய் திறப்பதை மட்டும் வந்த இடத்தில் கற்க முடியவில்லை. அதற்குள் ஒரு நோயாளி செத்துப் போகக்கூடும்.

தவறு நடந்தால் எழுதும் சம்பவ அறிக்கையிலும் இதே கதைதான். உங்கள் மருத்துவமனைகளில் சம்பவ அறிக்கை என்றால் மெமோவின் முதல் படி. அதனால் எழுதாமல் மறைப்பதே தற்காப்பு என்று கற்றோம். இங்கே மருந்து இரண்டு மணி நேரம் தாமதமானால்கூடச் செவிலியரே எழுத வேண்டும். யார் செய்தது என்பதைவிட ஏன் நடந்தது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எழுதாமல் விட்டது தெரிந்தால்தான் குற்றம். என் தோழி ஒருத்தி, உடைந்த ஒரு மருந்துக் குப்பியைச் சொல்லாமல் மறைத்தாள். கணக்கில் வைக்க வேண்டிய வலி மருந்து அது. மருந்து திருடியவளாக ஒரு மாதம் சந்தேகத்தின் நிழலில் நின்றாள். உடைந்த உடனே சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

வெளிநாட்டில் எல்லாரும் நியாயவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் உச்சரிப்பை என் முன்னாலேயே பேசிக் காட்டிச் சிரித்தவர்கள் உண்டு. அந்தத் தங்கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு வாரக் கடைசிகளிலும் தொடர்ந்து இரவுப் பணி போட்டார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள், அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும் என்று உங்கள் தாள் சொல்கிறதே. தூக்கமில்லாமல் நாலாவது வார இரவில் நின்றபோதுதான் அந்த நீட்டிப்புக் கடிதத்தில் சொன்ன சம்பவம் நடந்தது. உங்கள் தாளின் ஒரு வரி அவரைக் களைப்பில் தள்ளியது, இன்னொரு வரி வாயைக் கட்டியது, மூன்றாவது வரி அதைப் பற்றி யாரிடமும் பேசாதே என்கிறது.

பன்னாட்டு அளவில் இதற்கென்று நெறிமுறை இல்லாமலில்லை. உலக சுகாதாரப் பேரவை 2010 இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவப் பணியாளருக்கு உள்நாட்டவருக்கு இணையான உரிமையும் பொறுப்பும் உண்டு என்கிறது. பாதுகாப்பாக வேலை செய்வதற்குத் தக்க அறிமுகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்களை எடுத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் இதில் குறை வைக்கின்றன என்பது உண்மை. அவர்களிடம் அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் உரிமை உண்டு என்பதையே தெரியாமல் வருகிறவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமலில்லை. வாயாடிகளை அனுப்பினால் அடுத்த ஆண்டு ஆள் எடுக்க வர மாட்டார்கள் என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தில்தான் அந்தக் கடைசி வரி வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏழு பேரில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். இவ்வளவு தேவை இருக்கும்போது, கேள்வி கேட்டார் என்பதற்காக ஒரு செவிலியரைத் திருப்பி அனுப்பியதை நான் இந்த ஒன்பது ஆண்டில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பேசாமல் இருந்ததற்காகத் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனமுடைந்து ஊர் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயர் அங்கேதான் கெடுகிறது.

விளக்கேற்றும் விழாவில் எங்களைச் சொல்ல வைத்த உறுதிமொழி இன்னும் எனக்கு மனப்பாடம். அது நைட்டிங்கேல் அம்மையார் எழுதியது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 1893 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது அது. மருத்துவருக்கு விசுவாசத்தோடு உதவுவேன் என்ற வரி அதில் உண்டு. நைட்டிங்கேலின் வாழ்க்கையோ வேறு. போர் மருத்துவமனையில் படைவீரர்கள் காயத்தைவிட நோயால் அதிகம் சாகிறார்கள் என்பதை எண்களோடு எடுத்து வைத்து, இராணுவ அதிகாரிகளையும் அமைச்சர்களையும் விடாமல் கேள்வி கேட்டவர் அவர். அவருடைய விளக்கை எங்கள் கையில் கொடுத்தீர்கள். அவர் கேட்ட கேள்விகளைக் கேட்கவும் எங்களை விட வேண்டும்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

அடுத்த அணி புறப்படும் முன் அந்தத் தாளைத் திரும்பப் பெறுங்கள். கடைசி வரியை நாளைக்கே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக வேலை நேரம் குறித்து எப்படி மறுப்பது, அவமதிப்பு நடந்தால் யாரிடம் முறையிடுவது, அந்த நாட்டில் செவிலியர் சங்கமும் பதிவு மன்றமும் என்ன செய்யும், ஒப்பந்தத்திலிருந்து முன்கூட்டியே விலகினால் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்பே கொடுங்கள்.

இறுதி ஆண்டில் வாரம் இரண்டு மணி நேரம், தொலைபேசியில் பேசும் பயிற்சி வேண்டும். மறுமுனையில் ஒரு மருத்துவர் உட்காரட்டும். அவர் எரிந்து விழட்டும், வர முடியாது என்று சொல்லட்டும். அப்போதும் மாணவி எண்ணையும் தன் கவலையையும் தேவையையும் சொல்லி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வின் ஐந்து மதிப்பெண்ணை எடுத்துவிட்டு இதற்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கொடுங்கள்.

உங்கள் சொந்த மருத்துவமனைகளில் ரவுண்ட்ஸ் போகும்போது, அந்த நோயாளியைக் கவனிக்கும் மாணவி முதலில் பேசட்டும். கேள்வி கேட்ட மாணவியிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். சம்பவ அறிக்கை எழுதியவருக்கு அதற்காகவே மெமோ கொடுப்பதையும் நிறுத்துங்கள். இது வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் தேவையானது இல்லை. ஆறாம் படுக்கை உங்கள் வார்டிலும் இருக்கிறது.

பயிற்சி வகுப்புகளுக்கு எங்களைக் கூப்பிடுங்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, காணொளியில் மாணவிகளோடு பேச நாங்கள் பன்னிரண்டு பேர் எழுதிக் கையெழுத்திட்டுத் தயாராக இருக்கிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தத் தங்கையின் நீட்டிப்பு மூன்று மாதத்தில் முடிகிறது. அவருக்கு நீங்கள் கொடுத்த அறிவுரை என்ன, அதன்படிதான் அவர் நடந்தார் என்பதை உங்கள் கையெழுத்தோடு அவருடைய மருத்துவமனைக்கு எழுதி அனுப்புங்கள். அவர் சம்மதத்தோடுதான் இதைக் கேட்கிறேன். அந்தக் கடிதம் இந்த மாதத்துக்குள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்து, வெளிநாட்டில் பணிபுரியும் ஒரு செவிலியர்